கிருஷ்ணகிரிச் சந்தில் நான் வைத்த கல்

1. குற்றம் முதலில்

ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, அதை அம்மன் என்று ஊரை நம்பவைத்தேன். கொரோனா ஊரடங்கில் செஞ்சிக் கோட்டைக்குள் ஆட்கள் நுழையாமல் தடுக்க நான் செய்த ஏற்பாடு அது. ஆட்கள் நின்றார்கள். முப்பத்துமூன்று வருட சர்வீஸில் வேறு எந்த வழியையும் நான் அவ்வளவு கச்சிதமாக அடைத்ததில்லை. அப்படி அடைத்ததால் என் நண்பர் ஒருவர் இடது காலில் ஒரு விரலை இழந்தார்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சிரிக்கிற மாதிரி சில சங்கதிகள் வரும். சிரித்துக்கொண்டே படித்துவிட்டு, ‘ஆள் சாமர்த்தியசாலிதான்’ என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இப்போது வாட்ச் அண்ட் வார்டு வேலைக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நானும் தொல்லியல் துறையில் அந்தக் காவல் வேலையில்தான் சேர்ந்தேன். சேரும்போது பி.ஏ. வரலாறு. டூட்டிக்கு நடுவே கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் நிழலில் உட்கார்ந்து படித்து, அஞ்சல் வழியில் எம்.ஏ.வும் முடித்தேன். கடைசிப் பத்து வருஷம் கேட், காவல், ரவுண்டு மூன்றுக்கும் நான்தான் பொறுப்பு. பஜாரில் என்னைப் பற்றி, ‘ஏழுமலை படிச்ச ஆளு, சாமி கீமியெல்லாம் இல்லம்பாரு’ என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்த நான்தான் மஞ்சள் பூசினேன்.

2. சந்து

திருவண்ணாமலை ரோட்டுக்கு வடக்கே கிருஷ்ணகிரி மலை. அதன் அடிவாரத்தில், சிங்கவரம் போகிற பக்கமாக, வெளிமதில் ஓரிடத்தில் எப்போதோ இடிந்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. எங்கள் ரெஜிஸ்டரில் அதன் பெயர் ‘பிரீச்’. ஊரில் அதன் பெயர் சந்து. உள்ளே நுழைந்தால் மலையடியை ஒட்டி ஒரு மண்பாதை. நேராக ஒரு சப்பட்டைப் பாறை வரை போகும். காலுக்கு மண், தலைக்கு மலை நிழல். வண்டி கிடையாது, ஹாரன் கிடையாது.

கோட்டை கேட் ஒன்பது மணிக்குத்தான் திறப்போம். ஐந்தே முக்காலுக்கு நடக்க வருகிறவர்களுக்குச் சந்துதான் கேட். விதிப்படி அது தப்பு. ஆனால் நாங்கள் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை, அவர்களும் ஒளிவதில்லை. எதிரில் வந்தால், “இன்னா சார், டூட்டியா?” என்பார்கள். “இன்னா, வாக்கிங்கா?” என்பேன். அத்தோடு சரி.

அப்படி நடந்தவர்களில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கோதண்டம். முன்பு ரைஸ்மில் நடத்தியவர். நடப்பதைவிட அதிகம் பேசுவார். இன்னொருவர் பஷீர் பாய். பஜாரில் தையல் கடை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை மெஷினில் உட்கார்ந்த உடம்பு, சர்க்கரை வந்துவிட்டது. “தார் ரோடு வேணாம் பாய், மண்ணுல நடங்க. கல்லு குத்தினா உங்க காலுக்குத் தெரியாது” என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாய் பதினோரு வருஷம் அந்தப் பாதையில் நடந்தார். மழை பெய்தால் குடையோடு நடந்தார். நோன்பு மாதத்தில் மட்டும் நேரத்தை மாற்றிக்கொள்வார்.

எனக்கும் அவருக்கும் அதற்கு முன்பிருந்தே பழக்கம். என் யூனிஃபார்மை வயிற்றுப் பக்கம் பிரித்துப் பிரித்துத் தைத்தவர் அவர்தான்.

“ஏழுமலை, கோட்டையில எந்த மதிலும் வளந்ததா நான் கேள்விப்படல. உன் சுத்துமதில் மட்டும் வருஷத்துக்கு ரெண்டு இஞ்ச் வளருதேப்பா!” என்பார்.

3. முள், கயிறு, போர்டு

ஊரடங்கு அறிவித்ததும் எங்களுக்குச் சர்க்குலர் வந்தது: கோட்டை மூடல், எவரையும் அனுமதிக்கக் கூடாது. கேட்டுக்குப் பூட்டுப் போட்டோம். எதிர்ப்பக்கம் ராஜகிரி மலை ஏறும் வழிக்கும் பூட்டுப் போட்டோம். சந்துக்கு எங்கே பூட்டுப் போடுவது?

ஊர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. கிடக்கக் கிடக்க, அதுவரை தெருமுனைக் கடைக்குக்கூட வண்டியில் போனவர்களுக்கெல்லாம் நடக்க ஆசை வந்துவிட்டது. சந்து வழியாக வருகிற இருபது பேர் அறுபது பேர் ஆனார்கள். ஒரு குடும்பம் இட்லியும் கட்டிக்கொண்டு வந்தது.

முதலில் முள் போட்டேன். வேலிக்காத்தான் முள், ஒரு வண்டி நிறைய. மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு குச்சிகூட இல்லை. சிங்கவரத்துப் பெண்கள் அடுப்பெரிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ‘சாரு நல்ல மனுஷன், வெட்டியே போட்டுட்டாரு’ என்று எனக்கு வாழ்த்து வேறு. அடுத்தது கயிறு. புது நைலான் கயிறு. இரண்டாம் நாள் அது ஒரு பசுமாட்டின் கழுத்தில் இருந்ததை நானே பார்த்தேன். மூன்றாவது போர்டு. ‘பொதுமக்கள் உள்ளே வரத் தடை’ என்று நானே எழுதி நட்டேன். கோதண்டம் நின்று ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

“யோவ் ஏழுமலை, இது வெளியூர் ஆளுங்களுக்குத்தானே?”

“எல்லாருக்கும்தான் சார்.”

“பொதுமக்கள்னு போட்டிருக்குது. நாங்க பொதுமக்களா? நாங்க லோக்கல்யா!”

சொல்லிவிட்டு நுழைந்துவிட்டார். பின்னால் வந்த பஷீர் பாய் மட்டும் நின்றார்.

“உனக்கு ஏதாச்சும் ட்ரபுள் வருமா ஏழுமலை? வரும்னா சொல்லு, நின்னுடறேன்.”

“நீங்க போங்க பாய். உங்களுக்கு இன்னா” என்றேன்.

இந்த இடத்தைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். ‘வரும் பாய், கொஞ்ச நாள் வராதீங்க’ என்று சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பார். மற்றவர்களிடமும் சொல்லி நிறுத்தியிருப்பார். கேட்ட ஒரே மனிதரிடம் உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டேன். நல்ல பெயரை விட மனசில்லை.

அந்த வாரமே சப்பட்டைப் பாறை மேல் வரிசையாக நின்று சிலர் எடுத்துக்கொண்ட போட்டோ ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றி, எங்கள் ஆபீசர் போனுக்கும் போய்விட்டது. கூப்பிட்டார்.

“ஏழுமலை, கோட்டை மூடியிருக்கா, தொறந்திருக்கா?”

“மூடியிருக்கு சார்.”

“அப்ப பாறை மேல பதினாலு பேரு பல்லக் காட்டிட்டு நிக்கிறாங்களே, அதெல்லாம் யாரு, சிலையா? சிலைன்னா சொல்லு, ரெஜிஸ்டர்ல ஏத்திடலாம்.”

“சிலை இல்ல சார்” என்றேன்.

“இன்னொரு போட்டோ வந்துச்சுன்னா மெமோதான். ரிடையர் ஆகப் போற நேரத்துல சர்வீஸ் ரெஜிஸ்டர்ல கறை வேணுமா உனக்கு?”

4. மஞ்சள்

விழுப்புரத்தில் ஒரு லாட்ஜ் மாடிப்படியில், எச்சில் துப்பாமல் இருப்பதற்காக மூலைக்கு மூலை சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதித்திருந்ததை எப்போதோ பார்த்திருக்கிறேன். அது நினைவுக்கு வந்தது. அந்த லாட்ஜ்காரருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை. அவர் மூன்று மதத்து டைல்ஸும் பதித்திருந்தார்.

மறுநாள் நடக்கிறவர்கள் வருவதற்கு முன்பே, இருட்டோடு போனேன். கோட்டைக் கல் எதையும் தொடவில்லை. வயலோரத்தில் கிடந்த ஒன்றரைச் சாண் உயரக் கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து சந்தின் நடுவில் நிறுத்தினேன். ஊரை ஏமாற்றும்போதும் துறையின் விதியை மீறவில்லை என்பதில் அன்று எனக்கு ஒரு நிம்மதி. மஞ்சளும் குங்குமமும் வீட்டில் எடுத்தது. மூக்குக் கண்ணாடி துடைக்கவும் ரெஜிஸ்டர் தூசி தட்டவும் பஷீர் பாய் ஒரு மூட்டை வெட்டுத்துணி கொடுத்திருந்தார். அதிலிருந்து ஒரு சிவப்பு ரவிக்கைத் துண்டை எடுத்துச் சுற்றினேன். இரண்டு கொத்து வேப்பிலை. ஒரு எலுமிச்சம்பழம்.

ஏழு மணிக்கு எங்கள் வாட்ச்மேன் முனுசாமி ஓடி வந்தான்.

“சார், சந்துல யாரோ சாமி வெச்சிருக்காங்க சார்!”

“அப்படியா? வேப்பிலை இருக்குதா?”

“இருக்குது சார்.”

“அப்ப மாரியம்மாதான். நோய் நொடி வந்தா அந்தக் காலத்துல எல்லை கட்டுவாங்க. கட்டின எல்லையைத் தாண்டக் கூடாது.”

படித்த படிப்பு அதற்குத்தான் உதவியது. மத்தியானத்துக்குள் சேதி சிங்கவரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை கோதண்டம் வந்தார். செருப்பைக் கழற்றினார். மாஸ்க்கை இறக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தார்.

“இன்னா சார், நீங்க லோக்கலாச்சே?” என்றேன்.

“லோக்கலா இருந்தா அம்மாவைத் தாண்டிடலாமா? படிச்சவன் பேசுற பேச்சாய்யா இது?”

ஒரே வாரத்தில் சந்தில் ஆள் நடமாட்டம் நின்றது. ஆபீசர் கூப்பிட்டு, “வெரி குட். எப்படிய்யா சாதிச்சே?” என்றார்.

“பேசிப் புரிய வெச்சேன் சார்” என்றேன்.

5. அஞ்சலை

கல்லை வைத்தவன் நான். ஆனால் அதைச் சாமி ஆக்கியவர் சிங்கவரத்து அஞ்சலை. நாற்பது வயதுப் பெண்மணி. நாலு ஆடு, ஒரு துண்டு மல்லாட்டை நிலம், அதாவது வேர்க்கடலை. வீட்டுக்காரர் சென்னையில் மூட்டை தூக்கும் வேலையில் இருந்தவர். ஊரடங்கில் ஊர் வந்து சேர்ந்து, காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போனார். கூடப் போக யாரையும் விடவில்லை. அஞ்சலை நேராகச் சந்துக்கு வந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து கல்லுக்குக் கட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பதினேழு நாள் கழித்து அவர் வீட்டுக்காரர் நடந்து வீடு வந்தார்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? அஞ்சலை தினமும் பெருக்கினார், தண்ணீர் தெளித்தார், விளக்கு வைத்தார். கட்டுப்பாடு தளர்ந்ததும் வெள்ளிக்கிழமை பொங்கல். வல்லத்திலிருந்து ஒருவர் மணி வாங்கிக் கொடுத்தார். அனந்தபுரத்திலிருந்தெல்லாம் வேன் வந்தது. ‘சந்து மாரி’ என்று பெயரும் வந்துவிட்டது. நான் ரவுண்டு போகும்போது எனக்கும் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வரும். வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருக்கும். அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

கோட்டையைத் திரும்பத் திறந்தார்கள். கேட்டில் டிக்கெட் வரிசை வந்தது, சென்னையிலிருந்து பையன்கள் பைக்கில் வந்தார்கள். சந்து மட்டும் திறக்கவில்லை. அங்கே பூட்டு இருந்தால்தானே சாவி இருக்கும்? கோதண்டமும் மற்றவர்களும் பள்ளி மைதானத்துக்கு மாறிக்கொண்டார்கள். ‘ஆள் நடமாட்டம் இல்லை’ என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஷீர் பாய் எங்கே நடக்கிறார் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

6. ஒன்பது விரல்

ரிடையர்மென்ட் நாளுக்குப் போட ஒரு பேன்ட் தைக்கலாம் என்று பாய் கடைக்குப் போனேன். ஒரு காலை ஸ்டூல் மேல் நீட்டி வைத்திருந்தார். காலில் கட்டு.

“வா ஏழுமலை. அளவு டேப்பை நீயே சுத்திக்கோ. என்னால குனிய முடியாது.”

“கால்ல இன்னா பாய்?”

“ஒரு விரலு சொல்லாமக் கொள்ளாமப் போயிடுச்சு.”

சிரித்துக்கொண்டே சொன்னார். சந்து அடைபட்ட பிறகு திருவண்ணாமலை ரோட்டு ஓரமாக நடந்திருக்கிறார். லாரிக்கு ஒதுங்கி இறங்கும்போது ஒரு ஜல்லிக்கல் செருப்புக்குள் போய்விட்டது. டாக்டர் சொன்னது போலவே காலுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்தார். புண் ஆறவில்லை. கடைசியில் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

“மெஷின் மிதிக்க ஒம்போது போதும்பா. பத்து இருந்தப்ப மட்டும் ஜனங்க துணியை சீக்கிரமா வந்து வாங்கிக்கினு போனாங்களா?”

“சந்து வழியா நீங்க போயிருக்கலாமே பாய்?” என்று கேட்டேன். எந்த வாயால் கேட்டேனோ.

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“கோதண்டம் தாண்டினா, பக்தியில்லாத மனுஷன்னு ரெண்டு திட்டு திட்டுவாங்க. அத்தோட முடிஞ்சுது. நான் தாண்டினா அது வேற கதையா ஆயிடும். அந்தப் பொண்ணு அஞ்சலை விளக்கு வெச்சுக்கினு நிக்குது. அதும் மனசு நோகும். இந்த ரோடு இல்லன்னா அந்த ரோடு, போறேன்.”

“பாய், அந்தக் கல்லை வெச்சது நான்தான்.”

“தெரியும்.”

கீழே வைத்த துணியை மறுபடி எடுத்துக்கொண்டார்.

“மொத நாளே தெரியும். அதுல சுத்தியிருந்தது நான் அளவு தப்பா வெட்டி ஒதுக்கின ரவிக்கை. கைப்பக்கம் சாக்பீஸ் கோடு அழியாம இருந்துச்சு. அந்த மூட்டையை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் குடுத்தேன்.”

“அப்ப ஏன் பாய் யார்கிட்டயும் சொல்லல?”

“அதை நான் சொல்லலாமா? நீயே யோசிச்சுப் பாரு. எம்.ஏ. படிச்சிருக்கே இல்ல?” ஊசியில் நூலைக் கோத்தார். “நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். ஒரு வருஷத்துக்கு மேல பார்த்தேன். பேன்ட் தைக்க வந்திருக்கே.”

அன்று நான் அளவு கொடுக்கவில்லை.

7. பூ

கல்லை எடுக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் புதிதாகக் கோயில் கூடாது என்ற விதியைக் காட்டி, நாலு ஆட்களை வைத்துத் தூக்கியிருக்கலாம். அப்படிச் செய்தால் அஞ்சலைக்கு இரண்டாவது குற்றம் செய்தவன் ஆவேன். யார் சொல்லி எடுத்தார்கள் என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்வி எந்தக் கடை வாசலில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பொங்கல் நேரத்தில் போனேன். முப்பது பேர் இருப்பார்கள். கோதண்டமும் இருந்தார். நடுவில் நின்று உரக்கச் சொன்னேன்: “இந்தக் கல்லை இங்க வெச்சது நான். மஞ்சள் பூசினது நான். யாரும் உள்ள வரக் கூடாதுன்னு வெச்சேன். இது பொய்.”

ஓர் அம்மாள், “பாத்தியாடி, சாமி இல்லன்னு சொன்ன ஆளு கையாலயே வெக்க வெச்சுக்கிச்சு!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் முழுக்கக் கும்பிட்டது. இரண்டு பேர் என்னையும் கும்பிட்டார்கள். ஒருவர் என் நெற்றியில் விபூதி பூசிவிட்டார். நான் ஒத்துக்கொண்ட குற்றம் தல புராணமாகிவிட்டது.

அஞ்சலை மட்டும் கும்பிடவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“இவ்ளோ நாள் பொங்கல் துன்னுட்டு, இப்ப ஏன் சார் சொல்றீங்க?”

அவரிடம் மட்டும் பாயின் காலைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“நாங்க யாராச்சும் பாயை வராதேன்னு சொன்னமா சார்?”

“நீங்க சொல்லலம்மா. நீங்க சொல்ற மாதிரி ஆயிடக் கூடாதுன்னு அவரே ஒதுங்கிட்டாரு.”

“எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப எங்க தெருவே கதவச் சாத்திக்கிச்சு. பாய்தான் வெட்டுத்துணியில மாஸ்க் தெச்சு, புள்ளைங்களுக்குன்னு ஒரு பை நிறைய அனுப்பினாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அவரு வழியில அம்மாவ வெச்சிட்டீங்களே சார்.”

“எடுத்துடலாமா அம்மா?”

“நீங்க எடுக்கக் கூடாது. நானும் எடுக்கக் கூடாது. அவளைக் கேக்கணும்.”

கேட்பது என்றால் பூக் கட்டிக் கேட்பது. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அஞ்சலை கூட்டத்திடம் வந்து, “வெச்சவரே சொல்லிட்டாரு, அம்மா இங்கயே இருப்பாளா, வேற எடம் போவாளான்னு கேட்டுடலாம்” என்றார். பொட்டலம் யார் கட்டுவது என்று பேச்சு வந்தது. கோதண்டம் எழுந்தார்.

“ஏழுமலையே கட்டட்டும். சாமி இல்லம்பான். அவனுக்கு ஓரவஞ்சனை இருக்காது.”

இரண்டு நிறத்து அரளியும் இரண்டு வாழை இலைத் துண்டும் என் கையில் கொடுத்து மதிலுக்குப் பின்னால் அனுப்பினார்கள். அங்கே நான் தனி. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை வைத்தால் அரை மணி நேரத்தில் சந்து திறந்துவிடும். பாய்க்குப் பாதை கிடைத்துவிடும். நல்ல காரியத்துக்குத்தானே? முதல் தடவையும் எனக்கு நான் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்துக் கட்டினேன். என் உத்தியோகத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான் என்று இப்போதும் சொல்வேன்.

கோதண்டம் கல்லுக்கு எதிரில் நின்று கேட்டார்: “தாயே, இந்த எடத்த வுட்டுப் போறியா?”

அஞ்சலை கண்ணை மூடி எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

‘ஏமாற்றியிருக்கலாமே’ என்று மனசு கத்தியது. கூட்டம் கலையப் பார்த்தது. அஞ்சலை கோதண்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா கேட்டீங்க நீங்க?”

“போறியான்னு கேட்டேன்.”

“போறியான்னு கேட்டா எவ போவா? உங்க ஊட்டுப் பொம்பளைய அப்படிக் கேட்டுப் பாருங்க, தெரியும்!”

கூட்டம் சிரித்தது. கோதண்டம் சிரிக்கவில்லை. “அப்ப எப்படித்தான் கேக்கணும்?”

“நான் கேக்கிறேன். மூணு தபா கேக்கலாம். நீங்க ஒரு தபா கெடுத்தாச்சு.”

மறுபடி என்னை மதிலுக்குப் பின்னால் அனுப்பினார்கள். இந்த முறை ஏமாற்றும் ஆசை முன்னைவிட அதிகமாக இருந்தது. மறுபடியும் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. திரும்பி வந்து வைத்தேன். அஞ்சலை கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலக் கேட்டார்.

“எத்தினி நாளு இந்த வழியிலயே குந்தியிருப்பே? வெயிலு, மழை. என் கொல்லையாண்ட ஒரு வேப்பமரம் இருக்குது. எங்க ஊட்டுக்கு வந்துடறியா?”

எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

அதை என்னவென்று சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டில் ஒன்று வரத்தானே வேண்டும் என்று கணக்குச் சொல்லலாம். அன்று எனக்குக் கணக்குப் பேச வாய் வரவில்லை. அஞ்சலை கல்லைக் கூடையில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். கோட்டை எல்லைக்கு வெளியே, அவருடைய மல்லாட்டைக் கொல்லை ஓரம் வரை, மணியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

8. மெமோவும் பதிலும்

அடுத்த நாள் எல்லாவற்றையும் எழுதி ஆபீசருக்கு அனுப்பினேன். போனில் கத்தினார்.

“யோவ், இதையெல்லாம் எவனாச்சும் எழுத்துல குடுப்பானா? வாயால சொல்லியிருந்தா கேட்டுட்டு மறந்திருப்பேன்ல?”

மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். சர்வீஸ் ரெஜிஸ்டரில் கண்டனம் என்று ஒரு வரி ஏறியது. அதற்குப் பயந்துதான் கல்லையே வைத்தேன். வந்து பார்த்தால் அது ஒரு வரிதான், பச்சை மை.

அதே கடிதத்தில் அந்தப் பாதையில் யார் யார் நடந்தார்கள் என்று இருபத்தொரு பேரை எழுதியிருந்தேன். பெயர், வயது, என்ன வியாதி, எத்தனை வருஷம் நடந்தார்கள் என்பதெல்லாம். ஆபீசர் அதை மேலே அனுப்பி, பதில் வரும்வரை யாரையும் விடக் கூடாது என்று சந்தைக் கம்பி வேலியால் அடைத்துவிட்டார். நான் ஓய்வு பெற்று ஏழெட்டு மாதம் கழித்து, சந்தில் ஒரு சுழல் கேட் வைத்து, காலையில் நடப்பவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு வழியை அடைக்கச் சொல்லி உத்தரவு வரும், அடைக்கத்தான் வேண்டும். அடைப்பதற்கு முன் ஒரு வாரம் அங்கே நின்று, யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவர்களிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். திட்டுவார்கள். திட்டு வாங்குவதும் டூட்டிதான்.

கேட் திறந்த முதல் நாள் பஷீர் பாய் வந்தார். சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்த மெத்தென்ற கறுப்புச் செருப்பு போட்டிருந்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன்.

“இங்க ஏன் நிக்கிறே? இன்னும் டூட்டியா?”

“இல்ல பாய். உங்களைப் பார்க்கத்தான்.”

“பார்த்துட்டே இல்ல? நட.”

முப்பத்துமூன்று வருஷம் அந்தக் கோட்டையில் ரவுண்டு போயிருக்கிறேன். நடப்பதற்காக ஒரு நாளும் நடந்ததில்லை. அவர் மெதுவாகத்தான் நடந்தார். இடது காலைச் சற்று வெளிப்பக்கமாக வைத்தார். அப்படியும் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. பாறைக்குப் பாதி தூரத்தில் நின்றுவிட்டேன்.

“என்னை மன்னிச்சிட்டீங்களா பாய்?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“நடக்கும்போது பேசாதே, மூச்சு வாங்கும். நாளைக்கு அஞ்சே முக்கால். லேட்டா வந்தா நிக்க மாட்டேன்.”

அது நடந்து சில வருஷம் ஆகிறது. மறுபடி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இன்று காலை பாறை வரை போய்த் திரும்பினோம்.